சளியில் கிடைத்த உண்மை

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல் குகைக்குச் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? அங்கே விதானத்தில் அழகான தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள் எல்லாம் அதில் உண்டு. உண்மையான நீர்நிலைகளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் வாழ்கின்றன. சில நமக்கு நோய் தருபவை. அவற்றைத் தேடிக் கண்டறிந்தவர்களில் ஒருவர்தான் டாக்டர் பேட்ரிக் மேன்சன்.

இவர் 1844ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்தார். சிறு வயதில் இரும்புத் தொழிற்சாலையில் வேலை பழகினார். கடும் உழைப்பால் முதுகெலும்பு பாதிக்கப்பட்டுப் படுத்த படுக்கையானார். குணமானதும் மருத்துவம் படித்தார். 1866இல் ஃபார்மோசா தீவுக்கும் (இன்றைய தைவான்), 1871இல் சீனாவின் அமாய் துறைமுகத்துக்கும் பணியாற்றச் சென்றார்.

1877இல், யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டுபிடித்தார்.

1880இல் ஒரு நோயாளி வந்தார். அவர் இருமித் துப்பிய சளி, இரத்தம் கலந்து துருவின் நிறத்தில் இருந்தது. பார்க்கவே பலர் முகம் சுளிக்கும் அந்தச் சளியை மேன்சன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! அதில் புழுவின் முட்டைகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டுதான், ஃபார்மோசாவில் டாக்டர் ரிங்கர் என்பவர் இறந்த ஒருவரின் நுரையீரலில் தட்டையான புழு ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். அந்தப் புழுவின் முட்டைகளே இவை!

மேன்சன் முட்டைகளை நீரில் இட்டுக் காத்திருந்தார். குஞ்சுப் புழுக்கள் வெளிவந்து நீந்தின. அடுத்து இவை நத்தைக்குள் புகுந்து வளரலாம் என்று ஊகித்தார். ஊகம் சரியே எனப் பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். நத்தையிலிருந்து நண்டுக்கும், நண்டைச் சரியாக வேகவைக்காமல் உண்ணும் மனிதனுக்கும் புழு வந்துசேர்கிறது.

நம் நாட்டின் மணிப்பூரிலும் 1980களில் இந்நோய் கண்டறியப்பட்டது. இருமலில் இரத்தம் வருவதால் இதைக் காசநோய் என்று தவறாக எண்ணி, மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. சளியைச் சரியாகச் சோதித்தால், சில நாள் மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம்.

மலேரியாவைக் கொசு பரப்பக்கூடும் என்று ரொனால்டு ராஸுக்கு வழிகாட்டியவரும் மேன்சனே. 1897இல் செகந்திராபாத்தில் ராஸ் அதற்குச் சான்று கண்டார். 1899இல் லண்டனில் வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய மேன்சன், 1922இல் மறைந்தார்.

நம் வீடுகளில் நண்டு ரசம் வைக்கும்போது நன்கு கொதிக்க விடுகிறார்கள் அல்லவா? அது ருசிக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான். அருவருப்பு என்று பிறர் ஒதுக்கியதைக் கூர்ந்து பார்த்தார் மேன்சன். நீங்களும் எதையும் கூர்ந்து பார்க்கப் பழகுங்கள்!