பத்தடிக்குள் ஒரு குடும்பம்: சர் அலெக் இசிகோனிசின் வாழ்க்கை

'மகிழுந்து' என்ற சொல்லை நம் பாடநூல்கள் கற்றுக்கொடுத்தன. வீட்டிலும் வெளியிலும் நாம் சொல்வதென்னவோ 'காடி'தான். எந்தப் பெயரில் அழைத்தாலும், அதை வைத்து ஒருவரின் தகுதியை எடைபோடும் பழக்கம் நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. பட்டம் வாங்கிய கையோடு ஒன்பது ஆண்டுக் கடனில் பெரிய காடி எடுத்த நண்பர்கள் நம் எல்லாருக்கும் இருக்கிறார்கள். இந்தச் சூழலில், சாதாரணக் குடும்பத்துக்கான சின்னக் காடியை உருவாக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு மனிதரைப் பற்றி நம் சங்க மலரில் எழுத விரும்பினேன். அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். மோரிஸ் மைனரும் மினியும் அவர் மூளையில் பிறந்தவை.

அவர் தமிழரல்லர், மலாயாவுக்கு வேலைக்கு வந்தவரும் அல்லர். ஆனாலும் நம் தாத்தா பாட்டிமாரின் புகைப்படங்களில் அவருடைய கைவேலை நிற்கிறது. வீட்டில் பழைய ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வேட்டி சட்டையில் ஒருவர், அருகில் சேலை கட்டிய ஒருவர், பின்னால் உருண்டை முகத்துடன் ஒரு சிறு காடி. பெரும்பாலும் அது மோரிஸ் மைனராகத்தான் இருக்கும்.

அகதியாக வந்த மாணவன்

இசிகோனிஸ் 1906 நவம்பர் 18-ஆம் நாள், அன்றைய உதுமானியப் பேரரசைச் சேர்ந்த ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தார். இன்று அது துருக்கியின் இஸ்மிர். தந்தை பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற கிரேக்கர். கப்பல் இயந்திரப் பட்டறை நடத்தியவர். தாய் ஜெர்மானிய வழி வந்தவர். இயந்திரங்களின் ஓசையிலேயே சிறுவன் வளர்ந்தான்.

1922-ல் கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் ஸ்மிர்னா தீக்கிரையானது. பிரிட்டிஷ் கடற்படை அந்தக் குடும்பத்தை மால்டா தீவுக்கு ஏற்றிச் சென்றது. பட்டறை, வீடு, செல்வம் அனைத்தும் கைவிட்டுப் போயின. தந்தையும் காலமானார். தாயும் பதின்ம வயது மகனும் இங்கிலாந்தில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கினார்கள். உடைமைகளை இழந்து கடல் தாண்டி வந்தவர்களின் கதை நமக்குப் புதிதல்ல. அப்படி வந்தவர்கள் பலரும் செய்வதைத்தான் அந்தத் தாயும் செய்தார்: மகனைப் படிக்க வைத்தார்.

இலண்டன் பேட்டர்சி பாலிடெக்னிக்கில் இசிகோனிஸ் பொறியியல் படித்தார். வரைகலையில் கெட்டிக்காரர். ஆனால் கணிதத் தேர்வில் மூன்று முறை தோற்றார். பட்டம் கைகூடாமல் டிப்ளோமாவோடு வெளியேறினார். கற்பனைக்குக் கணிதம் எதிரி என்று பிற்காலத்தில் பிடிவாதமாகச் சொல்லி வந்தார். இதைப் படிக்கும் பொறியியல் துறைத் தம்பி தங்கைகள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்! அவர் தாளில் வரைந்ததையெல்லாம் கணக்குப் போட்டுச் செயற்படத்தக்க வரைபடமாக்க ஜாக் டேனியல்ஸ் போன்ற திறமையான பொறியாளர்கள் அருகிலேயே இருந்தார்கள். மேதை ஒருவர் தனியாக எல்லாவற்றையும் செய்துவிட்டார் என்று எழுதுவது எளிது, அது உண்மையல்ல.

நடுவில் பிளந்த காடி

1934-ல் ஹம்பர் நிறுவனத்திலும் 1936-ல் மோரிஸ் நிறுவனத்திலும் அவர் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் ஜார்ஜ் டௌசன் என்ற நண்பருடன் சேர்ந்து, கைக்கருவிகளை மட்டுமே கொண்டு ஒரு சிறு பந்தயக் காடியைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டினார். 1938-ல் அது ஓடியது. எடையைக் குறைத்தால் எல்லாம் எளிதாகும் என்ற பாடத்தை அந்தக் காடி அவருக்குக் கற்பித்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பிந்திய மக்களுக்கான சிறு காடியை வரையத் தொடங்கினார். அன்றைய சிறு காடிகள், பெரிய காடியைச் சுருக்கிப் பிழிந்தவை போல இருக்கும், ஓட்டினால் தள்ளாடும். இசிகோனிஸ் சக்கரங்களைச் சிறிதாக்கி நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். இயந்திரத்தை முன்னுக்கு நகர்த்தினார். அதனால் உள்ளே இடம் கூடியது. சாலையில் பிடிமானமும் கூடியது.

உற்பத்தி நெருங்கிய வேளையில், மாதிரிக் காடியின் உருவம் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் சிறிது சிறிதாக விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியாகப் பட்ட இடத்தில் நிறுத்தினார். இடைவெளி நான்கு அங்குலம். மோரிஸ் மைனரின் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பழைய காடிப் பிரியர்கள் அந்தப் பட்டையைத் தடவிக் காட்டிக் கதை சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நிறுவனத்தின் அதிபர் நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் காடி அறவே பிடிக்கவில்லை. தண்ணீரில் உடைத்து வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்று ஏளனம் செய்தார். 1948 அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்த 'முட்டை'தான், பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் காடி ஆயிற்று. 1971-ல் உற்பத்தி நிற்கும்போது மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 16 இலட்சம்.

நம்மவர் கையில் மைனர்

என் தாத்தா காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸராக இருந்தவர். அவரிடம் சாம்பல் நிற மோரிஸ் மைனர் 1000 ஒன்று இருந்தது. நால்வருக்கான அந்தக் காடியில் தைப்பூசத்துக்கு ஒன்பது பேர் பத்துமலைக்குப் போனதாக என் அத்தை இன்றும் சொல்வார். நள்ளிரவில் பிரசவத்துக்குக் கிள்ளான் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்துப் பெண்கள் பலர் அதன் பின்னிருக்கையில்தான் படுத்திருந்தார்களாம். தாத்தாவுக்கு அது அந்தஸ்து அல்ல. கைப்பெட்டியைப் போல ஒரு தொழிற்கருவி. பழுது வந்தால் முன்மூடியைத் திறந்து அவரே பார்ப்பார். உள்ளே கை நுழைய இடமிருந்தது.

தமிழர் வாழும் மற்ற இடங்களிலும் இப்படித்தான். இந்தியாவில் 1950-களில் இதே மைனர் 'பேபி இந்துஸ்தான்' என்ற பெயரில் ஓடியது. இலங்கையில் மோரிஸ் மைனர் டாக்சியாகவும் வீட்டுக் காடியாகவும் பல பத்தாண்டுகள் உழைத்தது. 1990-களில் அங்கிருந்தே அதற்கான தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அதே காலத்தில், பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், பழைய ஆஸ்டின், மோரிஸ் காடிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தப் பழைய இயந்திரங்களில் அழுத்த விகிதம் குறைவு. அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. நவீன காடிகள் முடங்கிக் கிடந்தபோது நோயாளிகளைச் சுமந்தவை இந்தக் கிழட்டு வண்டிகள்தாம். எளிமையின் மதிப்பு நெருக்கடியில்தான் தெரியும்.

மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது

1956-ல் சூயெஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு. மூன்று சக்கரக் குமிழி வண்டிகள் தெருவெங்கும் பெருகின. ஆஸ்டினும் மோரிசும் இணைந்து உருவான பிஎம்சி நிறுவனத்தின் தலைவர் லெனார்ட் லார்ட், அவற்றை விரட்ட ஒரு முறையான சிறு காடி வேண்டுமென்று இசிகோனிசைப் பணித்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும்.

இசிகோனிஸ் காடியின் நீளத்தைப் பத்தடியாக வரையறுத்தார். அதில் எண்பது விழுக்காடு மனிதருக்கும் மூட்டை முடிச்சுக்கும், மிச்சம்தான் இயந்திரத்துக்கு. நீளவாக்கில் இருந்த இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பினார். பல்லிணைப் பெட்டியை இயந்திரத்தின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். சுழற்சியை முன்சக்கரங்களுக்கே கொடுத்ததால் நடுவில் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. சக்கரங்களைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார். சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த இரப்பர் கூம்புகளைப் பொருத்தினார். இரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த நம் சமூகத்துக்கு இந்தச் செய்தி தனிச்சுவை தரும்.

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது. விலை 500 பவுனுக்கும் சற்றுக் குறைவு. குறைகளும் இருந்தன. தரைத்தகட்டின் இணைப்பு தவறான பக்கம் அமைந்ததால் மழை நாளில் தண்ணீர் உள்ளே புகுந்து பாய் விரிப்பை நனைத்தது. தொடக்கத்தில் வாங்கத் தயங்கிய மக்களை, பிரபலங்கள் ஓட்டிய மினிகளும், மோண்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் கிடைத்த வெற்றிகளும் ஈர்த்தன. ஜான் கூப்பர் பந்தய மினி யோசனையோடு வந்தபோது இசிகோனிஸ் முதலில் ஆர்வம் காட்டவில்லை. தாம் செய்தது தாதியரும் தொழிலாளரும் ஓட்டும் காடி என்பதே அவர் எண்ணம்.

பிடிவாதத்தின் மறுபக்கம்

புகழுரையோடு முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான் உண்மை சொல்லும். இசிகோனிஸ் தம் முடிவை மாற்றிக்கொள்ளத் தெரியாதவர். வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பை மதிக்கமாட்டார். காடியில் வானொலி எதற்கு என்பார். இருக்கை சற்றுக் கடினமாக இருந்தால்தான் ஓட்டுநர் விழிப்போடு இருப்பார் என்பார். தமக்குப் பிடித்ததே உலகுக்கும் பொருந்தும் என்ற இந்த உறுதி மைனரிலும் மினியிலும் வென்றது. 1962-ல் வந்த 1100 காடியும் நன்றாக விற்றது. ஆனால் 1964-ன் ஆஸ்டின் 1800, 1969-ன் மேக்சி ஆகியவற்றில் அதே உறுதி சறுக்கியது. உள்ளே ஏராளமான இடம்; வெளியே பார்க்க ஆசை வரவில்லை. எதிர்பார்த்த விற்பனை கிடைக்கவில்லை. மினியிலேயே நிறுவனத்துக்கு இலாபம் மிகக் குறைவு. ஃபோர்டு பொறியாளர்கள் ஒரு மினியை வாங்கிப் பிரித்துக் கணக்கிட்டு, ஒவ்வொரு காடியும் நட்டத்துக்கே விற்கப்படுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

1968-ல் நிறுவனம் பிரிட்டிஷ் லேலண்டாக மாறியது. 1969-ல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது; அதற்குள் அதிகாரம் கையை விட்டுப் போயிருந்தது. மினிக்கு வாரிசாக, அதைவிடச் சிறியதாக அவர் உருவாக்கிய 9எக்ஸ் என்ற காடி உற்பத்திக்கே போகவில்லை. 1971-ல் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரப் பரிசாக அவர் விரும்பிப் பெற்றது மெக்கானோ விளையாட்டுப் பொருளின் மிகப் பெரிய பெட்டி. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து தம்மோடு வந்த தாயை 1972-ல் அவர் இறக்கும்வரை உடன் வைத்திருந்தார். தோட்டத்தில் சிறு நீராவி இரயில் ஓட்டி மகிழ்ந்தார். 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பர்மிங்ஹாமில் காலமானார்.

நமக்கு என்ன?

நான் வசிக்கும் சுபாங் ஜெயா, 1976-க்கு முன் சீஃபீல்டு தோட்டமாக இருந்த மண். இன்று எஸ்.எஸ். 15-ல் காடி நிறுத்த இடம் தேடுவதே ஒரு தவம். அங்கு நிற்கும் காடிகளின் முன்மூடிகளைத் திறந்தால், பெரும்பாலானவற்றில் இயந்திரம் குறுக்காகவே இருக்கும். இழுப்பது முன்சக்கரமாகவே இருக்கும். 1985-ல் வந்த புரோட்டோன் சாகா, 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சில், 2005-ல் வந்த மைவி எல்லாமே இந்தக் குடும்பம்தான். பல்லிணைப் பெட்டியை இயந்திரத்தின் பக்கவாட்டில் வைக்கும் இன்றைய முறை இத்தாலியரான தாந்தே ஜியாகோசாவுடையது. ஆனால் குறுக்கு இயந்திரத்தை உலகம் நம்பத் தொடங்கியது மினியின் வெற்றியைப் பார்த்துத்தான்.

சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் வட்டாரத்து மாமாக் கடை முன் பழைய காடிக்காரர்கள் கூடுவதுண்டு. விலையுயர்ந்த பந்தயக் காடிகளை நான்கு பேர் படமெடுப்பார்கள். ஒரு மினியோ மைனரோ வந்தால் பத்துப் பேர் அருகே போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். தம் அப்பா ஓட்டியது, அம்மா ஓட்டிப் பழகியது, தாம் வாந்தியெடுத்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மினியின் உற்பத்தி 2000 அக்டோபரில் 53 இலட்சத்தைத் தாண்டி நின்றது. அதற்கு முந்திய ஆண்டு, நூற்றாண்டின் காடியைத் தேர்ந்தெடுத்த பன்னாட்டு நடுவர்கள் ஃபோர்டு மாடல் டிக்கு அடுத்த இடத்தை அதற்குக் கொடுத்தார்கள். ஆனாலும் அன்பு நடுவர்களிடமிருந்து வருவதில்லை. குடும்பத்துக்கு உழைத்த பொருளின்மேல் தானாக வருகிறது.

முதல் காடி வாங்கப் போகும் மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். இசிகோனிஸ் எந்தக் காடியையும் வரையத் தொடங்குமுன், உள்ளே யார் உட்காரப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்தார். அதைச் சுற்றித்தான் தகடு வளைந்தது. நம் வாழ்க்கைக்கான திட்டங்களையும் அந்த வரிசையில் போடலாம். வெளியே நின்று பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.