போல் டி விவி

போல் டி விவி (ஏப்ரல் 29, 1853 – 1930) பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த மிதிவண்டிப் பயணி, இதழாசிரியர், மிதிவண்டி வடிவமைப்பாளர் ஆவார். வெலோசியோ என்னும் புனைபெயராலேயே இவர் பெரிதும் அறியப்படுகிறார். லெ சிக்லிஸ்ட் என்ற மிதிவண்டி இதழை நிறுவித் தம் இறுதிக்காலம் வரை நடத்தினார். பந்தயத்துக்கு ஏற்ற மிதிவண்டி வேறு, நெடும்பயணத்துக்கு ஏற்ற மிதிவண்டி வேறு என்பதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வலியுறுத்தியவர் இவர். மிதிவண்டியில் பல கியர்களின் பயன்பாடு பரவுவதற்கு இவரது எழுத்தும் சோதனைகளும் முக்கிய காரணங்களாக அமைந்தன. பிரான்சில் மிதிவண்டிப் பயண இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

இளமைக்காலம்

போல் டி விவி தெற்குப் பிரான்சில் வோக்ளூஸ் பகுதியிலுள்ள பெர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். புரோவான்ஸ் நிலப்பகுதியைச் சேர்ந்த இவ்வூரிலிருந்து வென்டூ மலை அதிகத் தொலைவில் இல்லை. கிரேக்க, இலத்தீன் செவ்விலக்கியங்களில் ஈடுபாடு கொண்டிருந்த இவர், படிப்பை முடித்தபின் பட்டு வணிகத்தில் பயிற்சி பெற்று, சென்ட் எத்தியேன் நகரில் சொந்தமாகப் பட்டு வணிகம் செய்து வந்தார்.

சென்ட் எத்தியேன் அக்காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், நாடா நெசவுக்கும், துப்பாக்கித் தயாரிப்புக்கும் பெயர் பெற்ற தொழில் நகரமாகும். துப்பாக்கிக் குழல்களைக் கடைந்து துல்லியமாக இணைக்கத் தெரிந்த தொழிலாளர்கள் நிறைந்திருந்ததால், பின்னாளில் மிதிவண்டித் தொழிலும் அங்கு எளிதில் வேரூன்றியது. நகரைச் சுற்றிலும் மலைகள் உள்ளன. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் விரைவிலேயே ஏற்றம் தொடங்கிவிடும். இவரது பிற்காலக் கருத்துகளை இந்நிலவமைப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

மிதிவண்டி அறிமுகம்

1881 ஆம் ஆண்டு, தமது 28 ஆவது வயதில், இவர் முதன்முதலாக உயர்சக்கர மிதிவண்டி ஒன்றை வாங்கினார். முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் சிறிதாகவும் அமைந்த இவ்வகை வண்டியில் சங்கிலி கிடையாது. மிதிகள் நேரடியாக முன்சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். ஆறு மணி நேரத்தில் நூறு கிலோமீட்டர் செல்ல முடியுமா என்று நண்பர் ஒருவர் விடுத்த பந்தயத்தை ஏற்று, மலைப்பாங்கான பாதையில் லா ஷேஸ் தியூ என்னும் ஊரை நோக்கி இவர் மேற்கொண்ட பயணம், இவரது வாழ்வின் திசையை மாற்றியது. வணிகத்தில் இருந்த நாட்டம் குறைந்து, மிதிவண்டியின் மீதான ஈடுபாடு வளர்ந்தது.

1887 ஆம் ஆண்டு தம் பட்டு வணிகத்தை விற்றுவிட்டு, சென்ட் எத்தியேனில் மிதிவண்டி விற்பனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் தொடங்கிய உள்ளூர் இதழே அடுத்த ஆண்டில் லெ சிக்லிஸ்ட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. முதலில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரிலிருந்து மிதிவண்டிகளை வரவழைத்து விற்றார். பின்னர் லா கோல்வாஸ் என்ற பெயரில் தாமே மிதிவண்டிகளை உருவாக்கினார். சம அளவுள்ள இரு சக்கரங்கள், சாய்சதுரச் சட்டகம், பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலி ஆகியவற்றைக் கொண்டிருந்த லா கோல்வாஸ், தொடக்கத்தில் ஒரே ஒரு கியர் மட்டும் உடையதாக இருந்தது.

ஒற்றைக் கியரின் சிக்கல்

சென்ட் எத்தியேனுக்குத் தெற்கே ரெபுப்ளிக் கணவாய் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் 1161 மீட்டர் ஆகும். நகரிலிருந்து இக்கணவாயை அடைய ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏற வேண்டும். போல் டி விவி இப்பாதையில் அடிக்கடி ஏறி, ஒவ்வொரு மாற்றத்தையும் இங்கேயே சோதித்துப் பார்த்தார். சமதரையில் இலகுவாக ஓடும் வண்டி இவ்வேற்றத்தில் முழங்காலை வருத்துவதையும், ஏற்றத்துக்கு ஏற்ப கியரைக் குறைத்தால் சமதரையில் கால்கள் வீணே சுழல்வதையும் அவர் கண்டார்.

இச்சிக்கலை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் முன்னேறும். முன்பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், மிதியை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் மூன்று முறை சுற்றும், வண்டி 6.6 மீட்டர் செல்லும். இரண்டிலும் பற்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் வண்டி 2.2 மீட்டர் மட்டுமே செல்லும். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும் சாலையில், ஆளும் வண்டியும் சுமையும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொள்வோம். முதல் அமைப்பில், மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் இவ்வெடையை 46 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். இரண்டாவது அமைப்பில் 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும். மலை உச்சியை அடையச் செய்ய வேண்டிய மொத்த வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் ஒவ்வொரு மிதிப்பிலும் தசைகள் தர வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. மாலை வரையிலும் மறுநாளும் ஓட்ட வேண்டிய பயணிக்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

வேகமாற்றிச் சோதனைகள்

முதல் முயற்சியாக, ஒரே அச்சில் இரு வேறு அளவுள்ள முன்பற்சக்கரங்களை இவர் பொருத்தினார். வண்டியை நிறுத்தி, சங்கிலியைக் கையால் தூக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பின்னர் அச்சின் இடப்பக்கத்திலும் பற்சக்கரங்களை அமைத்து நான்கு கியர்கள் பெறும் வழியைக் கண்டார். இங்கிலாந்தில் உருவான வேகமாற்றி அமைப்புகளையும் ஆராய்ந்து தம் இதழில் எழுதினார். 1905 ஆம் ஆண்டு பின்சக்கரத்துக்கான இரண்டு வேக மாற்றி ஒன்றை உருவாக்கி, அதை ஆல்ப்ஸ் மலைப் பயணங்களில் பயன்படுத்தினார்.

பல கியர்களைக் கொண்ட வண்டிக்கு அன்று கடும் எதிர்ப்பு இருந்தது. கூடுதல் உறுப்புகளால் எடை கூடும், உராய்வு அதிகரிக்கும், வழியில் பழுதாகும் என்பன எதிர்ப்பாளர்களின் வாதங்கள். இவை முற்றிலும் ஆதாரமற்றவை அல்ல. தொடக்ககால வேகமாற்றிகள் பல முரட்டுத்தனமானவையாகவே இருந்தன. எனினும் எதிர்ப்பின் வேர் பொறியியலில் மட்டும் இல்லை. கியரைக் குறைத்து ஏறுவது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமும் பந்தய வீரர்களிடையே வலுவாக இருந்தது.

1902 ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சுற்றுலாக் கழகம் மலைச் சாலைகளில் பயண மிதிவண்டிகளுக்கான தேர்வு ஒன்றை நடத்தியது. இதில் மூன்று வேக லா கோல்வாஸ் வண்டியுடன் கலந்துகொண்ட மார்த் எஸ் என்ற பெண், முழுப் பாதையிலும் ஒரு முறை கூடக் காலைத் தரையில் ஊன்றவில்லை எனச் செய்தித்தாள்கள் எழுதின. இதன் பின்னரும், விளையாட்டு நாளிதழின் ஆசிரியரான ஆன்றி டெகிராஞ்ச் தம் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை. வேகமாற்றி நடுவயதைக் கடந்தோருக்கே உரியது என்றும், இயந்திரத் தந்திரத்தால் அன்றித் தசை வலிமையால் வெல்வதே சிறந்தது என்றும் அவர் எழுதினார். அடுத்த ஆண்டில் இவரே டூர் டெ பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கினார். 1903 இல் நடந்த முதல் பந்தயத்தின் பாதை, போல் டி விவி பல்லாண்டுகளாக ஏறிவந்த அதே ரெபுப்ளிக் கணவாய் வழியாகச் சென்றது குறிப்பிடத்தக்கது.

நெடும்பயண மிதிவண்டி பற்றிய கருத்துகள்

பந்தய வீரர்கள் ஓட்டும் வண்டியை வாங்கினால் தாமும் சிறப்பாக ஓட்டலாம் என்று பொதுமக்கள் எண்ணுவதை இவர் ஏற்கவில்லை. பந்தய வீரர் இளைஞர்; நெடுநாள் பயிற்சி பெற்றவர்; சுமையின்றி ஓட்டுபவர். பயணியோ பல வயதினர். துணியும் உணவும் உடன் கொண்டு செல்பவர். அறியாத சாலையில் செல்பவர். ஆகையால் பயணியின் வண்டி அவரது உடலுக்கும், அவர் செல்லும் சாலைக்கும், அவர் சுமக்கும் எடைக்கும் பொருந்த வேண்டும் என்பதே இவரது நிலைப்பாட்டின் சாரம் ஆகும்.

கியர்களைப் பொறுத்தவரை, ஏற்றத்துக்கும் சமதரைக்கும் தனித்தனிக் கியர்கள் வேண்டும் என்றார். டயர்களைப் பொறுத்தவரை, கரடுமுரடான சாலைகளுக்கு அகலமான, வளைந்து கொடுக்கும் தன்மையுள்ள டயர்களை ஆதரித்தார். குறுகிய டயரில் காற்றை இறுக அடைத்தால் வண்டி விரைந்து ஓடும் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஆனால் கற்கள் நிறைந்த சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் ஓட்டுபவரையும் சுமையையும் சேர்த்துத் தூக்கி எறிகிறது. அவ்வாறு வீணாகும் ஆற்றலும் ஓட்டுபவரின் கால்களிலிருந்தே வந்தாக வேண்டும். சிறிய சக்கரங்களையும் இவர் சோதித்தார். 50 சென்டிமீட்டர் சக்கரங்களில் 50 மில்லிமீட்டர் அகல டயர்களைப் பொருத்தி 15,000 கிலோமீட்டர் ஓட்டிய பின்னரே, அவற்றால் ஓட்டத்துக்குக் குறையேதும் இல்லை என 1911 இல் எழுதினார். தாம் நெடுந்தொலைவு ஓட்டிப் பார்க்காத ஒன்றைப் பரிந்துரைக்காமை இவரது வழக்கம்.

பயணங்களும் பயண நெறிகளும்

இரவு முழுவதும் ஓட்டி, இரண்டு மூன்று நாட்களில் பல நூறு கிலோமீட்டர் செல்லும் பயணங்களை முதுமையிலும் இவர் மேற்கொண்டார். உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் நண்பர்களுடன் புரோவான்சுக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. இவரைச் சூழ்ந்து உருவான பயணிகள் குழு சென்ட் எத்தியேன் பள்ளி என அழைக்கப்பட்டது. இவர் மரக்கறி உணவு உண்பவர். எசுப்பெராண்டோ மொழியில் ஆர்வம் கொண்டவர்.

நெடும்பயணம் செல்வோருக்கு இவர் வகுத்த ஏழு நெறிகள் புகழ்பெற்றவை. அவற்றின் கருத்து வருமாறு:

1. ஓய்வு நிறுத்தங்கள் குறைவாகவும் சுருக்கமாகவும் இருத்தல்.
2. பசிக்கும் முன் உண்ணுதல், தாகம் எடுக்கும் முன் அருந்துதல். அதையும் சிறிது சிறிதாகச் செய்தல்.
3. உணவும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைப்படையாதிருத்தல்.
4. குளிரும் முன் உடையைச் சேர்த்தல், வெப்பம் மிகும் முன் களைதல்.
5. பயணக் காலத்திலாவது மது, இறைச்சி, புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்தல்.
6. வலிமைக்கு மீறி ஓட்டாதிருத்தல். குறிப்பாக முதல் சில மணி நேரத்தில் அடக்கத்துடன் ஓட்டுதல்.
7. பிறர் மெச்சுவதற்காக ஓட்டாதிருத்தல்.

இவற்றுள் கடைசி நெறி, கியர் பற்றிய இவரது வாதத்துக்கும் பொருந்துவதாகும். குறைந்த கியரை வேண்டாம் என விலக்கியவர்கள் பலரும் பெருமைக்காகவே விலக்கினர் என்பது இவரது கருத்தாக இருந்தது.

இறுதிக்காலம்

1922 ஆம் ஆண்டு, இவரைப் பாராட்டும் பொருட்டு மிதிவண்டிப் பயணிகள் சென்ட் எத்தியேனில் கூடி ரெபுப்ளிக் கணவாய்க்கு ஏறும் வெலோசியோ நாள் தொடங்கப்பட்டது. இது இவரது மறைவுக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் ஆண்டுதோறும் நடைபெற்றது.

1930 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்ட் எத்தியேன் நகரத் தெருவொன்றில் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு நடந்தபோது டிராம் வண்டி மோதி இவர் இறந்தார். அப்போது இவருக்கு வயது 76. மலைச் சாலைகளில் இரவும் பகலும் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவருக்கு, தம் சொந்த நகரத் தெருவில் முடிவு நேர்ந்தது.

தாக்கம்

டூர் டெ பிரான்ஸ் பந்தயத்தில் வேகமாற்றியைப் பயன்படுத்த அனைத்துப் போட்டியாளர்களுக்கும் 1937 ஆம் ஆண்டில்தான் இசைவு அளிக்கப்பட்டது. பந்தயத்தின் பொறுப்பிலிருந்து டெகிராஞ்ச் அதற்கு முந்தைய ஆண்டில் விலகியிருந்தார். போல் டி விவி மறைந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பயணிகளோ பந்தயத்தின் இசைவுக்குக் காத்திருக்கவில்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பல கியர் வண்டிகளில் மலைகளைக் கடந்து சென்று கொண்டிருந்தனர்.

இன்று நெடும்பயணத்துக்கென விற்கப்படும் மிதிவண்டிகளில் சமதரைக்கும் செங்குத்தான ஏற்றத்துக்கும் ஏற்ற கியர்களும், அகலமான டயர்களும், சுமை தாங்கும் சட்டகமும் பொதுவாகக் காணப்படுகின்றன. இவற்றுள் முதலிரண்டும் போல் டி விவி தொடர்ந்து வாதிட்டவை ஆகும். இவரது நினைவுச் சின்னம் ரெபுப்ளிக் கணவாயில் அமைந்துள்ளது.