அண்ணல் கடல் கடந்த முதல் வாரங்கள்

அண்ணல் டாக்டர் அம்பேத்கரின் படம் இல்லாத இல்லம் நம் தெருக்களில் அரிது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள் அவர்தம் சிலைக்கு மாலை சூட்டி மகிழ்கிறோம். அரசியல் சட்டம் வகுத்த மேதையாக அவரை நாம் அறிவோம். ஆயின், 22 வயதில், முன்பின் அறியாத மாநகரம் ஒன்றில் தனியே வந்திறங்கிய மாணவராக அவரை எண்ணிப் பார்த்ததுண்டா? வண்ணார்பேட்டையில் நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அந்த மாணவரைப் பற்றியே எழுத விழைகிறோம். அதற்குரிய காரணத்தை இறுதியில் கூறுவோம்.

பீமராவ் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் இராணுவ நகரில் ராம்ஜி சக்பாலின் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தார். சதாராவில் பள்ளி சென்ற காலத்தில், வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கினைத் தனியே விரித்து அதன்மீது அமர்ந்தார். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்துவிட்டாலன்றி அவருக்குத் தண்ணீர் இல்லை. சேவகர் வாராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பினார். பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின்னரும், விரும்பிய சமஸ்கிருதத்தைப் படிக்க விடாமையால் பாரசீகம் பயின்றார். இத்தனைக்கும் இடையில் 1907இல் மெட்ரிக்குலேஷன் தேறி, 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1913ஆம் ஆண்டு அவருக்குத் துயரத்தோடு தொடங்கிற்று. தம் மகனின் படிப்புக்காகவே வாழ்ந்த தந்தை ராம்ஜி பிப்ரவரி 2ஆம் நாள் மறைந்தார். மனைவி ரமாபாய், கைக்குழந்தை யஷ்வந்த், வருவாய் குன்றிய குடும்பம். இந்நிலையில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கா சென்று உயர்கல்வி பெற உதவித்தொகை வழங்க முன்வந்தார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்றாண்டுகள் வரை. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஒப்பந்தத்தில் ஜூன் மாதம் கையெழுத்திட்ட அவர், ஜூலை மூன்றாம் வாரத்தில் நியூயார்க் நகரை அடைந்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் என்னும் விடுதியில் முதலில் தங்கினார். அங்குப் பரிமாறப்பட்ட உணவு அவருக்கு ஏற்கவில்லை. ஒரு வாரமே அங்கிருந்தார். பின்னர் இந்திய மாணவர் சிலர் தங்கியிருந்த காஸ்மாபாலிடன் கிளப்புக்கு மாறினார். அதன்பின் லிவிங்ஸ்டன் ஹால் விடுதியில் அறை எடுத்தார். நவல் பதேனா என்னும் பார்சி மாணவர் அங்கே அவர்தம் அறைத்தோழர் ஆனார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

இளைஞர்கள் இங்குச் சற்றே நிற்றல் வேண்டும். சோறு ஒத்துவரவில்லை; இடம் பழகவில்லை; ஊரில் தந்தையை இழந்து ஆறு திங்கள் கூட ஆகவில்லை. இவற்றுள் ஒன்றேனும் ஊர் திரும்பப் போதிய காரணமன்றோ? அவர் மாற்றியது விடுதியை. எடுத்த முடிவை மாற்றினாரல்லர். தமக்கு ஒத்துவரும் இடத்தையும் துணையையும் தேடிக்கொண்டார்.

அந்த வாரங்களில் அவர் கண்ட புதுமை வானளாவிய மாளிகைகள் மட்டுமன்று. பிறரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்டார். ஒரே வகுப்பில், பிறர் அமரும் அதே இருக்கையில் அமர்ந்தார். தாகமெடுத்தபோது தாமே தண்ணீர் எடுத்துக் குடித்தார். சாக்கின்மீது அமர்ந்த சிறுவனுக்கு இஃது எத்தகைய மாற்றமாக இருந்திருக்கும் என்பதை நம் இனத்தாருக்கு விளக்கவேண்டுவதில்லை. அந்நாட்டிலும் கறுப்பின மக்கள் நிறத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டே இருந்தனர். எனினும் பல்கலைக்கழக வாயிலுக்குள் அவர் முதன்முறையாகச் சமமான மனிதராக நடமாடினார்.

கிடைத்த விடுதலையை அவர் என்ன செய்தார்? நூலகத்திற்குக் கொடுத்தார். பொருளியல், வரலாறு, சமூகவியல், மானிடவியல், தத்துவம் எனப் பல துறை வகுப்புகளில் சேர்ந்தார். செலிக்மன், ஜான் டூயி போன்ற பேராசிரியர்களிடம் பயின்றார். உணவைச் சுருக்கி, மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். மறுபகுதிக்குப் பழைய புத்தகக் கடைகளில் நூல்கள் வாங்கினார். தந்தையின் நண்பர் ஒருவருக்கு அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், பிள்ளைகளின் விதியைப் பெற்றோர் மாற்றியமைக்க இயலும் என்றும், ஆண்களோடு பெண்களுக்கும் கல்வி அளித்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்றும் வற்புறுத்தினார். தாம் தப்பிவிட்டோம் என்று அவர் எண்ணவில்லை. விட்டு வந்தவர்களையே எண்ணினார்.

1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம், இந்தியாவில் சாதிகள் தோன்றி இயங்கும் முறை குறித்த ஆய்வுரையை மானிடவியல் கருத்தரங்கில் படித்தார். அவ்வாண்டே இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடைநிறுத்தித் தாயகம் திரும்பி, ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார்.

அங்கே அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை! நியூயார்க்கில் மூன்று இடங்களில் தங்கியவருக்குச் சொந்த நாட்டில் ஓரிடமும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அன்று பூங்கா ஒன்றில் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். விடுதியிலிருந்து துரத்தியவர்களும் பார்சிகளே. படிப்பைத் தொடர 1920இல் அவர் மீண்டும் இலண்டன் சென்றபோது கடன் கொடுத்து உதவிய நவல் பதேனாவும் பார்சியே. மனிதரைப் பிறப்பால் அளத்தல் தவறு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

சமத்துவம் எப்படி இருக்கும் என்பதை உண்டும் உடுத்தும் உறங்கியும் அறிந்தவர் அவர். ஆதலின் இழிவை விதியென்று ஏற்க அவரால் இயலவில்லை. 1923இல் இலண்டனில் டி.எஸ்ஸி., 1927இல் கொலம்பியாவில் பி.எச்.டி. ஆகிய பட்டங்களைப் பெற்றார். அதே 1927இல்தான் மகாத் குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மக்களைத் திரட்டினார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராகத் தீண்டாமையை ஒழிக்கும் விதியைச் சட்டமாக்கினார். 1952இல் கொலம்பியா அவருக்குச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார்.

இனி, முன்னர்க் கூறுவதாகச் சொன்ன காரணம். தலைமையாசிரியராகப் பணிபுரியும் நாம், நன்கு தேறிய பிள்ளைகளை வெளியூர்க் கல்லூரிகளுக்கு அனுப்பி வைக்கிறோம். தாமிரபரணியின் குறுக்கே 1843இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, சந்திப்பு நிலையத்தில் ரயிலேறிச் செல்கின்றனர். அவருள் சிலர் ஒரு மாதத்திற்குள் பெட்டியோடு திரும்பி வருகின்றனர். சாப்பாடு பிடிக்கவில்லை, ஆங்கிலம் புரியவில்லை, உடன் இருப்போர் என்ன ஆள் என்று கேட்கின்றனர் என்பர். அவர்கள் கூறுவன பொய்யல்ல. ஆயினும் அந்த முதல் வாரங்களில் திரும்பியவர் பெரும்பாலும் மீண்டும் போவதில்லை என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

இன்று மன்னர் ஒருவரின் அருளை எதிர்நோக்க வேண்டியதில்லை. பட்டியல் இன மாணவர் வெளிநாட்டில் பயில மத்திய அரசு 1954-55 முதல் உதவித்தொகை வழங்கி வருகிறது. அஃது உரிமை. அதைக் கேட்டுப் பெறுதலும், சென்ற இடத்தில் நிலைத்தலும் இளைஞர் கடமை. சென்ற பிள்ளைக்கு வாரம் ஒருமுறையேனும் பேசித் துணிவூட்டுதலும், திரும்பி வந்தோரைப் பழிக்காது மீண்டும் அனுப்பி வைத்தலும் பெரியோர் கடமை. ஏற்கனவே வெளியூரில் பயில்வோர், புதிதாய் வருவோருக்கு நவல் பதேனாவாக இருத்தல் வேண்டும்.

அறை ஒத்துவராவிடின் அறையை மாற்றுங்கள், குறிக்கோளை மாற்றாதீர்கள். அண்ணலின் முதல் வாரங்கள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே.

வாழ்க அண்ணல் புகழ்!