வீணாகும் வெப்பத்துக்குக் கணக்கு எழுதியவர்

ஓடும் மின் மோட்டாரின் மீது கை வைக்கும்போதெல்லாம் எனக்கு சார்லஸ் ஸ்டைன்மெட்ஸின் நினைவு வரும். உள்ளங்கையில் உறைக்கும் அந்தச் சூடு, நாம் கட்டணம் செலுத்தியும் வேலைக்கு உதவாமல் போகும் மின்சாரம்தான்.

1865-ஆம் ஆண்டு, இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர் ஸ்டைன்மெட்ஸ். பிறவியிலேயே கூன் முதுகு. உயரமோ ஏறத்தாழ நான்கடி. கணிதத்தில் முனைவர் பட்டம் பெறும் தறுவாயில், சோஷலிச இயக்க ஈடுபாட்டால் கைதாகும் நிலை வந்தது. 1888-இல் சூரிச் நகருக்குத் தப்பினார். மறு ஆண்டு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது, அவரது உடற்குறையையும் வறுமையையும் கண்ட குடியேற்ற அதிகாரிகள் திருப்பி அனுப்ப முனைந்தனர். உடன் வந்த நண்பர் பரிந்து பேசியதால் அனுமதி கிடைத்தது.

யோங்கர்ஸ் நகரில் ஐக்மையர் என்பவரின் தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மோட்டாரைச் செய்து, ஓட்டிப் பார்த்த பின்னரே அது எவ்வளவு சூடாகும் என்று அறிய முடிந்த காலம் அது. மாறுமின்னோட்டத்தில் இரும்பு உள்ளகத்தின் காந்தத் திசை ஓயாமல் புரள்கிறது. ஒவ்வொரு முறையும் இரும்பு சற்றே தயங்குகிறது, அத்தயக்கமே வெப்பமாகிறது. அந்த இழப்பு, காந்தப் பாய அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது என்ற விதியை, 1892-இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தில் ஸ்டைன்மெட்ஸ் விளக்கினார். அடர்த்தி இரு மடங்கானால் இழப்பு சுமார் மும்மடங்காகும். மோட்டார் உருவாகும் முன்பே, அதன் இழப்பைத் தாளில் கணக்கிட வழி பிறந்தது.

பின்னர் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றி, சிக்கலெண்களைக் கொண்டு மாறுமின்னோட்டக் கணக்குகளை எளிதாக்கினார். ஸ்கெனெக்டடி நகரில் கல்லூரிப் பேராசிரியராகவும் பள்ளிக்கல்விக் குழுத் தலைவராகவும் விளங்கினார். மணம் புரியாத அவர், தம் உதவியாளரை மகனாக ஏற்று, அக்குடும்பத்துடன் வாழ்ந்து 1923-இல் மறைந்தார்.

அவர் வகுத்த கணக்கை நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்பதே என் ஆதங்கம். எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் மூன்று முறை எரிந்தது. புதிது வாங்கும் செலவுக்கு அஞ்சி, மூன்று முறையும் காயில் கட்டியே ஓட்டினேன். பழைய கம்பியை எடுக்க உள்ளகத்தைத் தீயிலிட்டுச் சுடும்போது, இரும்புத் தகடுகளுக்கு இடையிலான காப்புப் பூச்சு கெட்டு, இழப்பு கூடக்கூடும் என்பதை அறிந்தும் அவ்வாறு செய்தேன்.

7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று, ஆண்டுக்கு 4,000 மணி நேரம் முழுச்சுமையில் ஓடுவதாகக் கொள்வோம். திறன் 85 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர்ந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,960 யூனிட் மிச்சமாகும். இத்தகைய மோட்டாருக்கு வாழ்நாளில் செலவாகும் மின்சாரத்தின் முன், அதன் விலை மிகச் சிறிது. ஆனால், விலைப்பட்டியல் கண்ணுக்குத் தெரிகிறது, இழப்பு தெரிவதில்லை.

உலகின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை மோட்டார்களே பயன்படுத்துகின்றன. எனவே, மோட்டார் வாங்கும்போது விலையுடன் திறன் தரக் குறியீட்டையும் கேட்டறிவது நம் கடமை. துறைமுகத்தில் தோற்றத்தை மட்டும் கண்டு அன்று எடை போட்டவர்கள் இழக்கவிருந்தது ஒரு மேதையை. விலையை மட்டும் கண்டு எடை போடும் நாம் அன்றாடம் இழப்பது மின்சாரத்தை.