மகிழடியில் ஓர் ஆணை

திண்டிவனத்துக்குப் புளி, திருநாவலூருக்கு நாவல். ஊர்ப்பெயரிலேயே மரத்தைத் தாங்கிய இத்திருநாவலூர், விழுப்புரம் ஜில்லாவினின்று 2019-ஆம் ஆண்டு பிரிந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவில் அடங்கியது. இங்கே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகவாய்த் தோன்றியவர் நம்பியாரூரர் என்னும் சுந்தரர். நரசிங்க முனையரையர் அவரை வளர்த்ததும், புத்தூர்த் திருமணம் முதியவரொருவர் காட்டிய அடிமையோலையால் தடைப்பட்டதும், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அவ்வழக்குத் தீர்ந்ததும் யாவரும் அறிந்தனவே. நாம் கூறப்புகுவது வேறு.

திருவாரூரில் பரவையாரை மணந்த சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் விரும்பினார். பிரியேனென்று சந்நிதியில் ஆணையிட்டாலன்றி மணமில்லை. அவ்வேளையில் இறைவன் சந்நிதி நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டுமென்று சுந்தரர் இரகசியமாய் வேண்டிக்கொண்டார். நல்ல உபாயந்தான்! இறைவனோ அதனைச் சங்கிலியாருக்குக் கனவில் உரைத்துவிட்டார். மறுநாட் காலை, ஆணைக்கு மகிழடியே போதுமெனத் தோழியர் கூறினர். மறுக்க வழியேது? அம்மரத்தின் கீழ் ஆணையிட்டார்.

வேனில் வந்தது. தென்றல் வீசவே, திருவாரூர் வசந்த விழா அவர் நெஞ்சை ஈர்த்தது. ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. காஞ்சியில் இடக்கண்ணையும், திருவாரூரில் வலக்கண்ணையும் பெற்றாரென்பர் சேக்கிழார். தனித்திருந்த சங்கிலியாரின் துயரை அவர் விரித்துரையாமை நமக்கு ஒரு குறையாகவே தோன்றுகிறது.

ஆடிச் சுவாதியில் சுந்தரர் குருபூசை சிவாலயங்களில் நடைபெறும். ஒற்றியூரிலோ மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நிகழ்கின்றது.