தொண்டைக்குள் எட்டிப் பார்த்த பாட்டு வாத்தியார்: யார் இந்த மானுவல் கார்சியா?

ஐசியூவில் மூச்சுத் திணறும் நோயாளிக்கு டியூப் போடுகிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குப் பதிலாக உணவுக்குழாய்க்குள் போய், யாரும் கவனிக்காமல் விட்டால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இப்போது பல மருத்துவமனைகளில் வீடியோ லாரிங்கோஸ்கோப் இருக்கிறது. அதன் நுனியில் உள்ள கேமரா குரல்நாண்களைத் திரையில் காட்டிவிடுகிறது. ஆனால் உயிரோடு இருப்பவரின் குரல்நாண்கள் அசைவதைக் கண்ணாடி வைத்துப் பார்த்து, முதலில் விரிவாக எழுதியவர் டாக்டர் இல்லை. அவர் ஒரு பாட்டு வாத்தியார்.

மானுவல் கார்சியா 1805 மார்ச் 17 அன்று ஸ்பெயினில் பிறந்தார். அப்பா பெரிய ஓபரா பாடகர். தங்கைகள் மரியா மாலிப்ரான், பவுலின் வியார்டோ இருவரும் ஐரோப்பாவையே கட்டிப்போட்டவர்கள். 1825இல் குடும்பமே கப்பலேறி நியூயார்க் போய் இத்தாலிய ஓபராவை அரங்கேற்றியது. அதில் இருபது வயது மானுவலும் பாடினார். ஆனால் அவருடைய குரல் சீக்கிரமே கெட்டுவிட்டது. பாடகர் குடும்பத்தில் பாட முடியாத பிள்ளை! குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர் விடாமல் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம்தான் போலும்.

பாரிஸில் ராணுவ மருத்துவமனைகளில் தொண்டையின் அமைப்பைப் படித்தார். ஆடு, மாடு, கோழிகளின் குரல்வளைகளை வாங்கிவந்து துருத்தியால் ஊதிப் பார்த்தார். 1841இல் குரல் களைத்துப்போய் வந்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டுக்கு அவர் கொடுத்த முதல் பாடம், சில வாரம் வாயே திறக்காதே என்பதுதான். 1848இல் லண்டனுக்குக் குடிபோனார்.

1854இல் பாரிஸ் போயிருந்தபோது, ஜன்னல் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறிப்பதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது. நேரே கருவிக் கடைக்குப் போனார். 1851 லண்டன் கண்காட்சியில் விலைபோகாமல் கிடந்த, நீளக் காம்புள்ள பல் கண்ணாடி ஒன்று அங்கே இருந்தது. விலை 6 பிராங்க். ஆவி படியாமலிருக்க வெந்நீரில் நனைத்து, உள்நாக்கின் மேல் சாய்த்து வைத்தார். இன்னொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பினார். அவருடைய குரல்நாண்களே திறந்து மூடுவது கண்ணில் பட்டது.

(1829இலேயே லண்டன் டாக்டர் பாபிங்டன் இப்படியொரு கருவியைக் காட்டியிருந்தார். அது எடுபடவில்லை.)

1855இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கார்சியாவின் கட்டுரை வாசிக்கப்பட்டது. டாக்டர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிறகு வியன்னாவில் டுர்க் நோயாளிகளிடம் முயன்றார். வெயிலை நம்பியிருந்ததால் குளிர்காலத்தில் வேலை நின்றுபோனது. அவரிடமிருந்து கண்ணாடிகளை இரவல் வாங்கிய செர்மாக், விளக்கு வெளிச்சத்தில் சாதித்தார். யார் முதலில் என்று இருவரும் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். கார்சியா பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

90 வயதில், 1895இல்தான் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் வேலையை விட்டார். 1905இல் நூறாவது பிறந்தநாளுக்கு இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி அரசர்களின் விருதுகள் வந்து குவிந்தன. 1906 ஜூலை 1 அன்று காலமானார்.

அவர் ஓய்வுபெற்ற அதே 1895இல் பெர்லினில் கிர்ஸ்டைன் என்ற டாக்டர் நாக்கை அழுத்தி, கண்ணாடி இல்லாமல் நேராகவே குரல்வளையைப் பார்த்தார். அதற்குப் பிறகு டியூப் போடுவதில் சுமார் நூறு வருஷம் நேர்ப்பார்வைதான் கோலோச்சியது. 2001இல் கிளைட்ஸ்கோப் விற்பனைக்கு வந்ததும் கார்சியாவின் வழியே திரும்பி வந்தது: கண் நேராகப் போகாத இடத்தை வளைந்து பார்ப்பது.

அவருடைய கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் வைத்துக்கொள்ளலாம். இன்று அது அவ்வளவு சுலபமில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளேடில் ஒருவர் எச்சில் அடுத்தவருக்குப் போகும் பயம் இல்லை, நள்ளிரவிலும் கைக்குத் தயார். ஆனால் ஒவ்வொரு முறையும் காசு, கூடவே பிளாஸ்டிக் குப்பை. திரும்பப் பயன்படுத்துவதற்கு முதலில் செலவு அதிகம். கழுவிக் கிருமி நீக்க ஆளும் நேரமும் வேண்டும், அது வரும்வரை கையில் இன்னொன்றும் வேண்டும். கேமராவை வைத்துக்கொண்டு, அதன்மேல் மாட்டும் பிளேடை மட்டும் எறியும் நடுவழியும் உண்டு. மாதத்துக்கு நாலைந்து பேருக்கு டியூப் போடும் சின்ன ஆஸ்பத்திரியின் கணக்கும், தினமும் பத்துப் பேருக்குப் போடும் பெரிய ஆஸ்பத்திரியின் கணக்கும் ஒன்றாக இருக்காது.