ஒரு வாக்கினால் மூடப்பட்ட கதவு
எலிசபெத் கரெற் அன்டர்சன் (1836 – 1917)

நமது பாட்டிமார் காலத்தில் இலண்டன் மற்றிக்குலேஷன் என்றொரு பரீட்சை இருந்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, மேற்படிப்பை நாடிய நம் நாட்டுப் பெண்களில் பலருக்கு அதுவே வாசற்படியாக அமைந்தது. கடல் கடந்து வந்த வினாத்தாளுக்கு விடையெழுதிச் சித்தியெய்திய அந்த மூத்த சகோதரிகளின் பெயர்களை நாம் இன்றும் பெருமையோடு சொல்லிக் கொள்கிறோம். ஆனால் அதே பரீட்சைக்குத் தோற்ற இலண்டனிலேயே பிறந்த ஒரு பெண் விண்ணப்பித்தபோது, அவர் பெண் என்பதற்காகவே அனுமதி மறுக்கப்பட்டது என்பதைப் பலர் அறியார். அது நடந்தது 1862இல். மறுத்ததும் ஒரேயொரு வாக்கினால்தான். அந்தப் பெண்ணின் கதையை இந்த நூற்றாண்டு மலரில் நம் இளைய சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எலிசபெத் கரெற் 1836ஆம் ஆண்டு யூன் 9ஆம் திகதி இலண்டனின் வைற்சப்பல் பகுதியில் பிறந்தார். தந்தை நியூசன் கரெற் அப்போது அங்கே அடகுக்கடை நடத்தி வந்தார். பின்னர் குடும்பம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஓல்ட்பரோ என்னும் சிறு பட்டினத்துக்குப் பெயர்ந்தது. அங்கே தானியமும் நிலக்கரியும் வாங்கி விற்று, கப்பல்களும் சேர்த்து, தந்தை பெரும் வர்த்தகரானார். பெரிய குடும்பத்தில் எலிசபெத் இரண்டாவது பிள்ளை. பிற்காலத்தில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மிலிசென்ற் ஃபோசெற் இவருடைய தங்கை.

வீட்டில் ஓர் ஆசிரியையிடம் படித்த எலிசபெத், 13ஆம் வயதில் இலண்டனுக்கு அருகே பிளாக்ஹீத்தில் இருந்த பெண்கள் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சு மொழியும் இலக்கியமும் நன்னடத்தையும் அங்கே கற்பிக்கப்பட்டன. கணிதமும் விஞ்ஞானமும் இல்லை. அந்தக் குறையை அவர் பின்னாளில் வாழ்நாள் முழுவதும் எண்ணி வருந்தினார். 15 வயதில் பாடசாலைப் படிப்பு முடிந்தது. அக்கால வழக்கப்படி ஒரு வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு மேல் படிப்புத் தேவையில்லை.

அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவர் வீட்டில்தான் இருந்தார். தாய்க்கு உதவியாக வீட்டு அலுவல்களைக் கவனித்தார். தம்பிமாருக்குப் பாடஞ்சொல்ல வந்த ஆசிரியரிடம் தாமும் இலத்தீனும் எண்கணிதமும் கேட்டுக் கற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் இளையவர்களைச் சுற்றி இருத்திக் கொண்டு, கரிபால்டியைப் பற்றியும் நாட்டு வரலாற்றைப் பற்றியும் பேசுவார். படித்ததற்கு மேலே படிக்க வேண்டும் என்ற தாகம் இருந்தது. எதைப் படிப்பது, எதற்காகப் படிப்பது என்பதுதான் தெரியவில்லை.

அதைத் தெரிய வைத்தது ஒரு சொற்பொழிவு. அமெரிக்காவில் 1849இல் மருத்துவப் பட்டம் பெற்ற எலிசபெத் பிளாக்வெல் 1859இல் இலண்டனுக்கு வந்து, பெண்களும் வைத்தியராகலாம் என்பதைப் பற்றி உரையாற்றினார். எலிசபெத் கரெற் அங்கே போயிருந்தார். அப்போது வயது 22. இந்தப் பெண் வைத்தியராகத் தீர்மானித்து விட்டார் என்றே பிளாக்வெல் எண்ணிக் கொண்டார். உண்மையில் அப்படியொரு தீர்மானம் அதுவரை இருக்கவில்லை. ஆனால் விதை விழுந்துவிட்டது. பெண்கல்விக்காக உழைத்த தோழி எமிலி டேவிஸ் அதற்கு நீரூற்றினார்.

வீட்டில் சொன்னபோது தந்தைக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. தாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டு அழுதார். நம்மூர் வீடுகளிலும் இதைக் கண்டிருக்கிறோம். ஆனால் தந்தை நியூசன் கரெற் ஒரு விசித்திரமான மனிதர். மற்றவர்கள் தம் மகளுக்கு முடியாது என்று சொல்லச் சொல்ல அவருக்கு வீம்பு ஏறியது. 1860இல் அவரே மகளை அழைத்துக் கொண்டு இலண்டனின் பெரிய வைத்தியர்களின் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார். தாதியாகலாமே என்றுதான் அவர்களும் சொன்னார்கள். தாதியின் வருமானம் எவ்வளவு, வைத்தியரின் வருமானம் எவ்வளவு என்று கணக்குக் காட்டி, தமக்கு எது விருப்பம் என்பதை எலிசபெத் தெளிவாக்கினார்.

அவர்முன் இருந்த சிக்கலை இன்றைய மாணவிகளுக்குச் சற்று விளக்க வேண்டும். 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி, வைத்தியராக ஏற்றுக் கொள்ளப்படப் பதிவேட்டில் பெயர் வேண்டும். பெயர் பதிய, பிரித்தானிய நிறுவனம் ஒன்றின் தகுதிச் சான்று வேண்டும். சான்று பெறப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை எழுத மருத்துவக் கல்லூரியில் விரிவுரை கேட்டிருக்க வேண்டும். கல்லூரிகளோ பெண்களைச் சேர்ப்பதில்லை. சட்டத்தில் பெண் கூடாது என்று ஓரிடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எந்த வழியில் போனாலும் முடிவில் ஒரு சுவர் நின்றது.

1860 ஆகஸ்ட்டில் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்தார். அது சோதனைக்காக எடுத்த வேலை. இரத்தத்தையும் சத்திரசிகிச்சையையும் கண்டு தாம் தளர்ந்து போவோமா என்பதை முதலில் தாமே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். தளரவில்லை. தாதி வேலையோடு வைத்தியர்களின் பின்னே போய் நோயாளரைப் பார்த்தார். வைத்தியசாலையின் மருந்தாளரிடம் இலத்தீனும் கிரேக்கமும் மருந்தியலும் கற்றார். தனியே ஓர் ஆசிரியரை அமர்த்தி மாலை வேளைகளில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் படித்தார். பாடசாலையில் விட்டுப்போன விஞ்ஞானத்தை 24 வயதில் அடியிலிருந்து தொடங்கினார். மெல்ல மெல்ல இரசாயனவியல் விரிவுரைகளிலும் பிரேத பரிசோதனைக் கூடத்திலும் இடம் கிடைத்தது.

அங்கே நடந்த பரீட்சையில் அவர் சிறப்புச் சான்று பெற்றார். அதுவே வினையாயிற்று. 1861 யூனில் ஒருநாள், வருகை தந்த வைத்தியர் கேட்ட கேள்விக்கு மாணவர்கள் எல்லோரும் வாயடைத்து நிற்க, எலிசபெத் மட்டும் விடை சொன்னார். ஆண் மாணவர்கள் கூடி, இந்தப் பெண்ணை வெளியேற்ற வேண்டும் என்று நிர்வாகத்துக்கு மனுக் கொடுத்தார்கள். வைத்தியசாலையின் கதவு மூடியது.

பின்னர் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், எடின்பரோ, கிளாஸ்கோ, சத்திரசிகிச்சையாளர் கல்லூரி, எல்லாம் மறுத்தன. ஸ்கொட்லாந்தின் சென்ற் அன்றூஸ் பல்கலைக்கழகத்தில் அனுமதிச் சீட்டே கைக்கு வந்துவிட்டது. அதை எழுதிக் கொடுத்தது தவறு என்று சொல்லிப் பின்னர் செல்லாததாக்கினார்கள். இலண்டன் பல்கலைக்கழகத்தில் மற்றிக்குலேஷன் எழுத அனுமதி கேட்டபோது, செனற் சபையில் ஆதரவாகப் பத்து வாக்குகளும் எதிராகப் பத்து வாக்குகளும் விழுந்தன. வேந்தர் கிரன்வில் பிரபு தமது வாக்கை எதிராகப் போட்டார். அவ்வளவுதான்.

திறந்திருந்தது ஒரேயொரு சிறு கதவு. மருந்தாளர் சங்கத்தின் பழைய சாசனத்தில், நிபந்தனைகளை நிறைவேற்றும் எவரையும் பரீட்சிக்க வேண்டும் என்ற கருத்தில் விதி இருந்தது. எவரையும் என்பதற்குள் பெண்ணும் அடக்கம் என்று சட்டத்தரணிகள் சொன்னார்கள். எனவே மருந்தாளர் ஒருவரிடம் முறைப்படி பயிலுநராகக் கையொப்பமிட்டார். சங்கம் நடத்திய பொதுப்பாடங்களின் ஆரம்பப் பரீட்சையில் சித்தியடைந்தார். கல்லூரியில் ஒன்றாகக் கேட்க வேண்டிய விரிவுரைகளை, அங்கீகாரம் பெற்ற விரிவுரையாளர் ஒவ்வொருவரையும் தேடிப் போய்த் தனித்தனியே பணங்கொடுத்துக் கேட்டார். சென்ற் அன்றூஸில் ஒருவரிடம், எடின்பரோவில் மகப்பேற்று வைத்தியம், மறுபடி இலண்டனில் வேறொரு வைத்தியசாலையில் தாதி என்ற பெயரில் வார்ட்டு அனுபவம். இன்றைய மொழியில் சொன்னால், பாடசாலை இல்லாத தனிப்பட்ட பரீட்சார்த்தி. கூடப் படிக்கத் தோழி இல்லை. குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் இல்லை. தோற்றால் அடுத்த முறை அனுமதி கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. இப்படி நான்கு ஆண்டுகள்.

1865இல் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிவிட்டு வந்து நின்றபோது, சங்கம் பின்வாங்கப் பார்த்தது. வழக்குத் தொடுப்பேன் என்று தந்தை எச்சரித்தார். ஆரம்பத்தில் அருவருத்த அதே தந்தைதான். செப்ரெம்பர் 28ஆம் திகதி பரீட்சை நடந்தது. அன்று தோற்றிய ஏழு பேரில் மூவர் சித்தியடைந்தனர். மூவரிலும் கூடிய புள்ளி எலிசபெத்துக்கு. வயது 29.

அவர் உள்ளே வந்ததும் சங்கம் அந்தச் சிறு கதவையும் அடைத்துவிட்டது. இனி மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டுமே தோற்றலாம், தனியாகப் படித்தவர்கள் தோற்ற முடியாது என்று விதியை மாற்றினார்கள். 1877 வரை அந்தப் பதிவேட்டில் வேறொரு பெண்ணின் பெயர் ஏறவில்லை.

சித்தியெய்திய பலர் தம் வாழ்வைப் பார்த்துக் கொண்டு போவதுண்டு. எலிசபெத் 1866இல் இலண்டனில் ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு மருந்தகம் திறந்தார். முதல் ஆண்டிலேயே 3,000 பேர் புதிதாக வந்தார்கள். பெண் வைத்தியரிடம் நோயைச் சொல்ல எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பட்டம் இல்லாத குறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பாடசாலையில் படித்த பிரெஞ்சு மொழியைத் தூசி தட்டி எடுத்து, பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பரீட்சைகளை எழுதி, ஒற்றைத் தலைவலி பற்றி ஆய்வேடு சமர்ப்பித்து, 1870இல் அங்கே எம்.டி. பட்டம் பெற்ற முதற்பெண்ணானார். 1871இல் ஜேம்ஸ் ஸ்கெல்ற்ரன் அன்டர்சனை மணந்த பின்னும் தொழிலை விடவில்லை. 1872இல் மருந்தகம் பெண்களுக்கான வைத்தியசாலையாக வளர்ந்தது. அங்கே வைத்தியர் யாவரும் பெண்களே.

அதிகம் படித்தால் பெண்களின் உடல்நலம் கெடும் என்று 1874இல் ஒரு பிரபல வைத்தியர் கட்டுரை எழுதினார். எலிசபெத் அதற்கு மறுப்பு எழுதினார். பெண்களைக் கெடுப்பது படிப்பன்று, செய்வதற்கு ஒன்றுமில்லாத வெறுமையே என்பது அவர் வாதம். ஓல்ட்பரோ வீட்டில் கழிந்த ஒன்பது ஆண்டுகளை எண்ணாமல் அவர் அதை எழுதியிருக்க முடியாது.

அதே ஆண்டில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் அஞ்சாநெஞ்சர் இலண்டனில் பெண்கள் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இதற்குக் காலம் கனியவில்லை என்று எலிசபெத் முதலில் தயங்கினார். அவர் எல்லாவற்றிலும் சரியாகவே கணித்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தொடங்கிய பின் தோள் கொடுத்தார். அங்கே கற்பித்தார். 1883 முதல் 1903 வரை இருபது ஆண்டுகள் பீடாதிபதியாக இருந்தார். தாம் ஊரூராக அலைந்து தனித்தனியே கேட்ட விரிவுரைகளையெல்லாம் ஒரே கூரையின் கீழ் அடுத்த பெண்கள் கேட்கும்படி செய்தார். அந்தக் கூரையின் கீழ் வந்து படித்தவர்களுள் ஒருவர் மும்பாயைச் சேர்ந்த ருக்மாபாய். சிறுவயதில் செய்துவைத்த திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றம் வரை போனவர். வீட்டிலிருந்தே எழுத்தறிவு பெற்றவர். 1889இல் இலண்டனுக்கு வந்து, 1894இல் வைத்தியராகி, தாய்நாடு திரும்பி நெடுங்காலம் சேவை செய்தார். எலிசபெத் திறந்து வைத்த வழி நம் பக்கத்துக் கரை வரை வந்துவிட்டது.

இலண்டன் பல்கலைக்கழகமும் 1878இல் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்துவிட்டது. ஒரு வாக்கினால் மூடிய கதவு பதினாறு ஆண்டுகளில் திறந்தது. அதன் வழியாகத்தான் பின்னாளில் நம் பாட்டிமாரும் போனார்கள்.

முதுமையில் ஓல்ட்பரோவுக்குத் திரும்பிய எலிசபெத், 1908இல் அப்பட்டினத்தின் மேயராகத் தெரிவானார். இங்கிலாந்தில் மேயர் பதவி வகித்த முதற்பெண் அவரே. 1917 டிசெம்பர் 17ஆம் திகதி, 81ஆம் வயதில் காலமானார். அவர் தொடங்கிய வைத்தியசாலைக்கு மறு ஆண்டு அவர் பெயரே சூட்டப்பட்டது.

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். முதல்முறையில் மருத்துவ பீடம் கிடைக்காத பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்கிறாள். இரண்டாம் முறையும் தவறினால் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கும் போக மாட்டாள். இடம்பெயர்வினாலும் வீட்டுக் கஷ்டத்தினாலும் படிப்பை இடையில் விட்டு, வயது போன பின் திரும்பப் புத்தகத்தைத் திறந்த சகோதரிகளும் நம்மிடையே உண்டு. எல்லோருக்கும் வெள்ளைக் கோட்டு கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. இடங்கள் குறைவு, போட்டி பெரிது. ஆனால் 24 வயதில் விஞ்ஞானத்தின் அரிவரியைத் தொடங்கிய ஒருத்திதான் ஒரு நாட்டின் மருத்துவத் துறையையே பெண்களுக்குத் திறந்தாள். பிந்தித் தொடங்குவது வெட்கத்துக்குரியதன்று என்பதையாவது நம் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். அறைக்கு வெளியே நிற்கும் நாமும், நியூசன் கரெற்றைப் போல, கதவைத் தட்டி, வா பிள்ளை, இன்னொரு முறை பார்ப்போம் என்று கூப்பிடப் பழகிக் கொள்வோம்.

நூற்றாண்டு காணும் கல்லூரி அன்னைக்கு இந்த எளிய கட்டுரையைக் காணிக்கையாக்குகிறேன்.

– ஒரு பழைய மாணவி